காகிதம் காப்பாற்றிய ரயில்



லூமியேர் சகோதரர்களின் லா சியோத்தா ரயில் படம் 1896-இல் திரைக்கு வந்தது. அன்று முதல் கேமராக்காரர்கள் ரயிலை விடவே இல்லை. ஆனால் அவர்கள் படமெடுத்தவை பெரும்பாலும் பெருநகரங்களை இணைத்த பெரிய ரயில்கள். மலையிலும் சுரங்கத்திலும் கல்குவாரியிலும் உழைத்த நாரோ கேஜ் என்னும் குறுகிய பாதை ரயில்களின் தொடக்ககாலப் படச்சுருள்கள் மிக அரியவை. கிடைத்த சிலவற்றில் ஒன்றை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஜார்ஜ்டவுன், சில்வர் ப்ளூம் என்று இரண்டு சுரங்க ஊர்கள். நேர்கோட்டில் 2 மைல்தான். ஆனால் ஒன்றைவிட மற்றொன்று 600 அடிக்கு மேல் உயரம். நேராகப் பாதை போட்டால் ஏற்றம் இன்ஜின்களுக்கு மிகக் கடினம். எனவே பள்ளத்தாக்குக்குள்ளேயே சுற்றவிட்டுப் பாதையை ஏறக்குறைய நாலரை மைலுக்கு நீட்டினார்கள். ஓரிடத்தில் பாதை தன் தலைக்கு மேலேயே பாலம் போட்டுக் கடந்து போனது. டெவில்ஸ் கேட் என்ற அந்தப் பாலத்தின் உயரம் சுமார் 95 அடி. தண்டவாளங்களுக்கு நடுவே 3 அடிதான் அகலம் என்பதால்தான் அவ்வளவு நெருக்கமான வளைவுகள் சாத்தியமாயின. 1884-இல் வேலை முடிந்தது.

இந்தப் பாதையைக் காட்டும் ஒரு சிறு படத்தை அமெரிக்கன் ம்யூட்டாஸ்கோப் அண்டு பயோகிராஃப் நிறுவனம் 1903-இல் பதிவுசெய்தது. கேமரா இருப்பது ரயிலின் பின்பகுதியில். வண்டி வளையும்போது அதன் முன்பாதி நம் கண்ணுக்குத் தெரிகிறது. இன்ஜின் புகைகிறது, ஜன்னல்களில் பயணிகள் கைக்குட்டை அசைக்கிறார்கள். அவ்வளவுதான் படம். வளைவு எவ்வளவு இறுக்கமானது என்பதை எந்த வரைபடத்தையும்விட அந்தக் காட்சி நன்றாகச் சொல்கிறது. ஓடும் வண்டியில் உட்கார்ந்தபடியே அதே வண்டியின் முகத்தைப் பார்த்துவிட முடிகிறது!

இது எப்படித் தப்பியது? அன்றைய பிலிம் நைட்ரேட்டால் ஆனது. எளிதில் தீப்பிடிக்கும், பிடிக்காவிட்டால் நாளடைவில் பிசினாகிப் பொடியாகும். ஓட்டித் தேய்ந்த சுருள்களை அதிலிருந்த வெள்ளிக்காக உருக்கியதும் உண்டு. வெள்ளியை ஏற்றிவரப் போட்ட பாதையின் படமும் அந்த வெள்ளிக்காகவே அழிந்திருக்கலாம். தப்ப வைத்தது சட்டத்தில் இருந்த ஓர் ஓட்டை. 1912 வரை அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் திரைப்படத்துக்குத் தனி இடம் இல்லை. ஆகவே நிறுவனங்கள் ஒவ்வொரு பிரேமையும் புகைப்படக் காகிதச் சுருளில் அச்சிட்டு, புகைப்படம் என்ற பெயரில் லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் ஒப்படைத்தன. அப்படிச் சேர்ந்தவை சுமார் 3,000 படங்கள். கெம்ப் நிவர் என்பவர் 1950-களில் அந்தக் காகிதச் சுருள்களை மறுபடி பிலிமுக்கு மாற்றும் வேலையில் இறங்கினார். அந்தப் பணிக்காகவே ஆஸ்கர் அகாதமி அவரைச் சிறப்பித்தது. முற்றிலும் தகுதியான பெருமை அது.

எனினும் ஒரு குறை என்னை உறுத்துகிறது. அந்தப் பாதை போடப்பட்டது தாது ஏற்ற. படத்தில் இருப்பவர்களோ வேடிக்கை பார்க்க வந்தவர்கள். பிலிம் விலை அதிகம், ஒரு சுருள் சிறிது நேரத்துக்கே வரும், காசு கொடுத்துப் பார்ப்பவர்களுக்கு விந்தை வேண்டும். தாது கொட்டும் வேகனையும் பிரேக் பிடிக்கும் தொழிலாளியையும் நோக்கிக் கேமராவைத் திருப்ப யாருக்கும் காரணம் இருக்கவில்லை. எண்ணிக்கையில் குறைவு என்பதைவிட இந்த ஒருபக்கச் சாய்வுதான் பெரிய இழப்பு என்பது என் கருத்து.

சாதாரண மனிதர் கைக்குக் கேமரா வர 1922-23 ஆயிற்று. பாத்தேயின் 9.5 மி.மீ., கோடக்கின் 16 மி.மீ. பிலிம்கள் அப்போதுதான் வந்தன. அதற்குள் பல சிறு பாதைகளின் நல்ல காலம் முடிந்திருந்தது. இங்கிலாந்தின் லின்டன்–பார்ன்ஸ்டபிள் பாதை 1898-இல் திறந்து 1935-இல் மூடியது. ஜார்ஜ்டவுன் பாதையை 1939-இல் கைவிட்டார்கள். பாலம் பழைய இரும்பாக விற்கப்பட்டது. இன்று அங்கு நிற்கும் பாலம் 1984-இல் மறுபடி கட்டித் திறக்கப்பட்டது.

விடுபட்ட வேலை வண்டிகள் இனி எங்காவது கிடைக்குமென்றால், அது சுரங்க மேலாளர்களும் பொறியாளர்களும் வீட்டுக்காக எடுத்த சுருள்களில்தான். அப்படி ஒரு டப்பா உங்கள் கைக்கு வந்து, திறந்ததும் பிலிம் சிதைவதன் அறிகுறியான வினிகர் நெடி அடித்தால், தயவுசெய்து புரொஜெக்டரில் ஓட்டிப் பார்க்காதீர்கள். சுருங்கிய பிலிமின் ஓரத் துளைகள் கிழிந்துவிடும். டப்பாமேல் எழுதியிருப்பதைப் படியெடுத்து வையுங்கள், குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வையுங்கள், ஆவணக் காப்பகத்தாரை அழையுங்கள்.