உளவியல் படிக்க விரும்பும் பிள்ளைகள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



உளவியலில் இளங்கலைப் பட்டம் என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்திருக்கின்றனர். கோலாட்டத்திற்கும் நாடகத்திற்கும் நடுவில், கேசரியின் மணம் மண்டபம் வரை வந்துகொண்டிருக்கும் வேளையில், இப்பொருளை எடுத்துக்கொள்வது சற்றுத் துணிவான செயலே. எனினும் நம் குடியிருப்பின் பல வீடுகளில் இன்று இதுவே வழக்காக நடந்துகொண்டிருக்கிறது. மகள் உளவியல் படிக்க விழைகிறாள். தந்தையார் வணிகவியலோ கணிப்பொறியோ படிக்கலாமே என்கிறார். பாட்டியார், “பைத்தியக்காரர்களோடு பழகுகிற படிப்பாமே, நாளைக்குப் பெண் பார்க்க வருகிறவர்களிடம் என்னவென்று சொல்வது?” என்று கேட்கிறார். மூவர் பேச்சிலும் ஓரளவு நியாயம் உண்டு; மூவரும் அறியாத செய்திகளும் உண்டு.

முதலில் நாம் வாழும் இக்கொல்கத்தா நகரின் பெருமையைச் சொல்லிவிடுவோம். ஜெர்மனியில் லைப்சிக் நகரில் 1879-ஆம் ஆண்டு வில்ஹெல்ம் வுண்ட் என்பார் உளவியலுக்கென்று ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். மனம் என்பது தத்துவ ஆசிரியர்கள் வாதிடும் பொருளாக இருந்த நிலை மாறி, கருவிகொண்டு அளக்கும் பொருளாகவும் ஆனது அப்பொழுதுதான். அதற்கு முப்பத்தேழு ஆண்டுகளுக்குப் பின், 1916-இல், இந்தியாவில் இத்துறை முதன்முதல் தனித்துறையாகத் தோன்றியது நம் கொல்கத்தாப் பல்கலைக்கழகத்தில். அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பயின்று திரும்பிய நரேந்திரநாத் சென்குப்தா அதன் தலைவரானார். கிரீந்திரசேகர் போஸ் என்னும் மருத்துவர், பட்டம் பெற்றுத் தொழில் நடத்திவந்தவர், மீண்டும் மாணவராகி இங்கு வந்து உளவியல் படித்தார். 1921-இல் அத்துறையில் டாக்டர் பட்டமும் பெற்றார். மறு ஆண்டே தம் இல்லத்தில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கினார். வியன்னாவிலிருந்த பிராய்டு அவர்களோடு பல்லாண்டு கடிதத் தொடர்பு கொண்டிருந்தார். 1931-இல் பிராய்டின் எழுபத்தைந்தாம் பிறந்த நாளுக்கு இச்சங்கத்தார் தந்தத்தாலான திருமால் சிலை ஒன்றை அனுப்பிவைத்தனர் என்பதைக் கேட்டால் நம் பாட்டியார்க்குச் சற்று மனம் இளகக் கூடும்.

தென்னாட்டில் மைசூர்ப் பல்கலைக்கழகம் 1924-இல் இத்துறையைத் தொடங்கியது. அதன் பேராசிரியர் கோபாலசுவாமி அவர்கள் 1935-இல் தம் வீட்டிலேயே ஒரு வானொலி நிலையம் அமைத்து அதற்கு ‘ஆகாசவாணி’ என்று பெயரிட்டார். இன்று நாடு முழுதும் வழங்கும் அப்பெயரை முதலில் தம் நிலையத்திற்குச் சூட்டியவர் ஓர் உளவியல் ஆசிரியர்! சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943-இல் இத்துறை ஏற்பட்டது. ஆகவே இது நேற்று முளைத்த நாகரிகப் படிப்பு என்று எவரும் எண்ண வேண்டுவதில்லை. நம் பிள்ளைகளுக்கு இது தொலைவிலும் இல்லை. லேக் மார்க்கெட்டுக்குக் காப்பிப் பொடி வாங்கச் செல்லும் நமக்கு அசுதோஷ் கல்லூரி கூப்பிடு தூரம். வடக்கே பெத்தூன் கல்லூரி இருக்கிறது. இரண்டிலும் உளவியல் பாடம் உண்டு.

அப்படியாயின் அங்கே என்ன கற்பிக்கின்றனர்? பிறர் மனத்தில் உள்ளதைக் கண்டுபிடிக்கும் வித்தையைக் கற்பிக்கின்றனர் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். மாணவியிடம், “நான் இப்போது என்ன நினைக்கிறேன், சொல் பார்க்கலாம்” என்று கேட்கும் மாமாக்கள் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. உண்மையில் அவள் முதலாண்டில் செய்வது மிக எளிய காரியம். சம நீளமுள்ள இரண்டு கோடுகள். ஒன்றன் இரு முனைகளிலும் அம்புத் தலைகள் உள்நோக்கி மடிந்தும், மற்றொன்றன் முனைகளில் வெளிநோக்கி விரிந்தும் இருக்கும். விரிந்த முனைக் கோடே நீளமாகத் தோன்றும். அளவுகோல் வைத்து இரண்டும் சமம் என்று கண்ட பின்னரும் கண் அவ்வாறேதான் காணும். அறிவு அறிந்துகொண்டதைக் கண் ஒப்புக்கொள்ள மறுக்கிறது. அம்மாவையும் தம்பியையும் பக்கத்து வீட்டாரையும் அமர்த்தி, ஒவ்வொருவரும் எத்தனை மில்லிமீட்டர் பிழையாகக் காண்கின்றனர் என்று அவள் குறித்துக்கொள்கிறாள். இதுவே சோதனைப் பாடம்.

இந்தக் கோடுகள் நம் நாட்டோடு தொடர்புடையவை. 1901-இலும் 1902-இலும் ரிவர்ஸ் என்னும் ஆங்கிலேய அறிஞர் நீலகிரிக்குச் சென்று தோதவ மக்களிடையே தங்கி, அவர்களுடைய பார்வை, செவி முதலிய புலன்களைச் சோதித்தார். தோதவர் இக்கோடுகளால் ஆங்கிலேயரைக் காட்டிலும் குறைவாகவே ஏமாந்தனர் என்று கண்டு, 1905-இல் வெளியிட்டார். மலைமேல் எருமை மேய்த்து வாழ்ந்த மக்கள், படித்த நகரத்தாரைவிடச் சரியாகக் கண்டனர்! காரணம் யாது என்பது பற்றி அறிஞரிடையே பின்னும் நெடுங்காலம் வாதம் நிகழ்ந்தது. நாம் இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உளவியல் நூல்களில் ‘மனிதன் இவ்வாறு நடக்கிறான்’ என்று எழுதியிருக்கும் இடங்களிற் பல, மேனாட்டுக் கல்லூரி மாணவர் சிலரைச் சோதித்து எழுதியவை. நம் கருத்தில், இப்பட்டத்தைப் படிக்கும் இந்திய மாணவன் தன் நூலின் ஓரத்தில் எழுதிக்கொள்ள வேண்டிய முதற்கேள்வி, ‘எந்த மனிதன்?’ என்பதாகும்.

கணக்குக்கு அஞ்சி இப்படிப்பைத் தேடி வருவோர் முதற்பருவத்திலேயே திகைக்கின்றனர். சராசரி, திட்ட விலக்கம், ஒட்டுறவுக் கெழு என்று புள்ளியியல் அவர்களை விடாது தொடரும். இருபது பேரைச் சோதித்துக் கிடைத்த வேற்றுமை உண்மையானதா, தற்செயலா என்று கணித்துச் சொல்லத் தெரியாதவர் இத்துறையில் ஒரு வரியும் எழுத இயலாது. மற்றொரு வேடிக்கையும் முதலாண்டில் நிகழும். மனநோய்களின் இலக்கணங்களைப் படிக்கப் படிக்க, அவை யாவும் தனக்கே இருப்பதாக மாணவர்க்குத் தோன்றும். பிறகு தந்தையார்க்கு ஒன்று, தமையனுக்கு ஒன்று என்று வீட்டில் எல்லார்க்கும் பங்கிட்டுக் கொடுப்பர். மருத்துவ மாணவர்க்கும் இது உண்டு. இரண்டாம் ஆண்டில் தானே தணிந்துவிடும். பெற்றோர் வருந்த வேண்டுவதில்லை.

இனி, இப்பட்டத்தால் என்ன செய்ய முடியும், என்ன செய்ய முடியாது என்பதற்கு வருவோம். இங்கேதான் குடும்பங்கள் ஏமாறுகின்றன; ஆதலால் ஒளிவுமறைவின்றிச் சொல்வதே நலம். இளங்கலைப் பட்டம் மட்டும் பெற்றவர் உளவியல் மருத்துவம் செய்யும் உரிமை உடையவரல்லர். மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து மேற்படிப்புப் படித்தவர். மருந்து எழுதுபவர் அவரே. மருத்துவ உளவியலர் என்பவர் மருந்து எழுதாமல், சோதனையாலும் முறையான உரையாடல் சிகிச்சையாலும் துணைபுரிபவர். அப்பெயரோடு தொழில் நடத்த வேண்டுமாயின், முதுகலையும் அதன்மேல் மருத்துவமனைப் பயிற்சியும் பெற்று, 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். நெடுங்காலம் இதற்கு இரண்டாண்டு எம்.ஃபில். பட்டமே வழியாக இருந்தது. 2020-இன் புதிய கல்விக் கொள்கைக்குப் பிறகு பட்டங்களின் பெயரும் ஆண்டுக் கணக்கும் மாறி வருகின்றன. ஆகவே எந்தக் கல்லூரியின் எந்தப் பயிற்சியை மன்றம் ஏற்கிறது என்பதைச் சேரும் ஆண்டில் அதன் பட்டியலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். விளம்பரத் தாளை நம்பலாகாது. அஞ்சல் வழியிலோ இணைய வழியிலோ உளவியல் பட்டத்துக்குப் புதிதாக மாணவரைச் சேர்ப்பதைப் பல்கலைக்கழக மானியக் குழு 2025-இல் நிறுத்திவிட்டது என்பதையும் மனத்திற்கொள்க.

தந்தையார் கணக்கிட்டுப் பார்க்கட்டும். பட்டத்துக்கு மூன்று ஆண்டு அல்லது நான்கு ஆண்டு, முதுகலை, பயிற்சி. பதினெட்டு வயதில் தொடங்குபவள் தன் தொழிலில் ஊன்றி நிற்க இருபத்தைந்து ஆகும். அதுவரை தாங்கும் பொறுமையும் பொருளும் வீட்டில் உண்டா என்று பட்டத்தில் சேரும்முன்னரே பேசிவிடுவது நன்று. பள்ளி ஆலோசகர், நிறுவனங்களின் பணியாளர் துறை, படைத் தேர்வு வாரியங்கள், ஆராய்ச்சி என்று வேறு வழிகளும் உள்ளன. ஆண் பிள்ளைகள் ஏனோ இப்பக்கம் அதிகம் வருவதில்லை, வரலாம்.

தேவை எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்குப் போதும். பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16-இல் பன்னிரண்டு மாநிலங்களில் மனநல ஆய்வு நடத்தியது. தமிழகமும் மேற்கு வங்கமும் அவற்றுள் அடங்கும். வயது வந்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழ பத்துப் பேர் அப்போது ஏதேனும் ஒரு மனநலக் குறைபாட்டுடன் இருந்தனர். நோய்க்கு நோய் வேறுபட்டாலும், சிகிச்சை பெறாதோர் 70 முதல் 92 விழுக்காடு வரை இருந்தனர். இந்த மண்டபத்தில் முந்நூறு பேர் இருக்கிறோம். கணக்கை நாமே போட்டுக்கொள்ளலாம்.

சிகிச்சை பெறாமைக்கு வெட்கமும் பணமும் காரணங்கள். மொழியும் ஒரு காரணம். நம் குடியிருப்பு மூதாட்டி ஒருவர்க்கு உறக்கமில்லை, உணவு செல்லவில்லை என்று வைத்துக்கொள்வோம். அவர் ‘நெஞ்சு அடைக்கிறது’ என்பார். ‘வயிற்றைப் பிசைகிறது’ என்பார். ‘எதிலும் ஒட்டவில்லை’ என்பார். இவற்றை வங்காளத்திலோ ஆங்கிலத்திலோ பெயர்த்துச் சொல்லும் மருமகள், நெஞ்சு வலி என்றும் வயிற்று வலி என்றும் சொல்வாள். மூதாட்டியார் இதய மருத்துவரிடம் ஒரு முறையும் வயிற்று மருத்துவரிடம் ஒரு முறையும் சென்று திரும்புவார். அவர் சொன்னது துயரம் என்பது எவர்க்கும் தெரியாது.

வினாத்தாள்களிலும் இதே இடர் உண்டு. மனச்சோர்வை அளக்கும் ஆங்கிலச் சோதனை ஒன்றில் ‘ஃபீலிங் ப்ளூ’ என்னும் தொடர் வருகிறது என்று கொள்வோம். அதை ‘நீலமாக உணர்கிறேன்’ என்று பெயர்த்தால் நம்மவர் கண்ணாடி முன் சென்று நின்று பார்ப்பர்! ஆகையால் ஒருவர் தமிழாக்க, முதல் நூலைக் காணாத மற்றொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்க, இரண்டையும் ஒப்பிட்டு, பின்னர் நம் மக்களில் பலரிடம் கொடுத்துப் பார்த்தே ஒரு சோதனையை ஏற்கின்றனர். 1955-இல் பாட்டியா என்பார் எழுத்தறியாச் சிறுவரும் கையால் செய்து காட்டத்தக்க ஐந்து பகுதிகள் கொண்ட அறிவுத்திறச் சோதனையை இந்தியர்க்கென வெளியிட்டது இத்தகைய தேவையாலேதான். இம்மாதிரிப் பணி இன்னும் மலைபோல் கிடக்கிறது. அதற்கு ஆங்கிலம் மட்டும் அறிந்தவர் போதார். வீட்டில் தமிழும் தெருவில் வங்காளமும் வகுப்பில் ஆங்கிலமும் பேசி வளரும் நம் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு முதல் இருக்கிறது. வேறு எந்தப் படிப்பில் இம்மூன்றும் ஒருசேரப் பயன்படும் என்று நமக்குத் தெரியவில்லை.

ஆனால் அம்முதல் கரைந்து வருகிறது. இங்குப் பிறந்த பிள்ளைகளிடம் உள்ளத்தின் நிலையைக் கேட்டால் ‘டென்ஷன்’ என்பர், ‘மூடு சரியில்லை’ என்பர்; அவ்வளவே. தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாகப் பகுத்து, ஒவ்வொன்றும் தோன்றுவதற்கு நந்நான்கு நிலைக்களன்கள் கூறினார். உள்ளத்தில் எழுவது உடலில் எவ்வாறு புலப்படுகிறது என்பதே அவ்வியலின் பொருள். ‘ஆற்றாமை’ என்று ஒரு சொல் நம்மிடம் உண்டு. அது வெறும் துன்பமன்று. தாங்கவும் மாட்டாமல், தணியவும் மாட்டாமல் கிடக்கும் நிலை. ‘ஏக்கம்’ வேறு, ‘புழுக்கம்’ வேறு. இவ்வேறுபாடுகளைக் காதால் கேட்டு வளர்ந்த மாணவி, நோயாளியின் பேச்சில் மற்றவர் கேளாததைக் கேட்பாள். ஆகவே உளவியல் படிக்கப் போகும் பிள்ளை ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பை விட்டுவிடலாகாது என்று பெற்றோரை வேண்டிக்கொள்கிறோம்.

இறுதியாக, குடியிருப்பில் வாழும் நம்மைப் பற்றிச் சில சொற்கள். ஒரு பெண் உளவியலில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள் என்று தெரிந்தவுடன், தேர்வில் தவறிய மகனையும் சண்டையிட்ட மருமகளையும் அழைத்துக்கொண்டு அவள் வீட்டு மணியை அடிக்கிறோம். “நீ கவுன்சிலிங் படிக்கிறாயே, இவனிடம் கொஞ்சம் பேசேன்” என்கிறோம். அன்பினால்தான் கேட்கிறோம், ஐயமில்லை. ஆயினும் அப்பெண்ணுக்கு அப்பயிற்சி இன்னும் இல்லை. இருந்தாலும், அண்டை வீட்டுப் பிள்ளையின் உள்ளத்தை அவள் ஆராய்தல் முறையன்று. கேட்டதை மறைத்து வைத்தல் இத்தொழிலின் முதல் அறம். மூன்றாம் மாடியில் தும்மினால் கீழ்த் தளத்தில் ‘நூறாண்டு’ என்று வாழ்த்தும் நம் கட்டடங்களில் அது எங்ஙனம் இயலும்? இதனினும் பெரிய தீங்கு, அவளிடம் பேசியாயிற்று என்னும் நிறைவில் உண்மையான சிகிச்சை பல திங்கள் தள்ளிப்போவதாகும். சிலர்க்கு அத்திங்கள்களே உயிருக்கு இடரான காலம்.

அப்பெண், “எனக்கு இன்னும் அத்தகுதி இல்லை மாமி” என்று சொன்னால், அதைச் செருக்கு என்று கொள்ளாதீர்கள். அவள் கற்றதன் பயன் அது. மாறாக, 14416 என்னும் எண்ணை அவள் எழுதிக் கொடுக்கட்டும். டெலி மானஸ் என்னும் பெயரால் நடுவண் அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய சேவை அது, இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

அவள் உங்களிடம் வந்து கேட்பது வேறொன்றாக இருக்கும். கையில் நொடி காட்டும் கடிகாரமும் கோடு வரைந்த அட்டையும் கொண்டுவந்து, சோதனைக்கு ஆள் வேண்டும், இருபது நிமிடம் அமர முடியுமா என்பாள். எந்த மறுமொழி சரி என்று அவளைக் கேளாதீர்கள். கண்டதைக் கண்டபடியே சொல்லுங்கள். அவள் குறிப்பேட்டில் உங்கள் பெயர் இராது; ஓர் எண்தான் இருக்கும்.