ஊர்ச் செய்தியும் ஊர்த் திருநாளும்

மைசூர் நகரின் வடமேற்குப் பகுதியிலுள்ள ஹெப்பாளை இன்று காண்பவர், அது ஏரிக்கரையில் அமைந்த ஒரு சிற்றூராக இருந்தது என்பதை எளிதில் உணரமாட்டார். தொழிற்பேட்டையின் ஆலைகளும், மென்பொருள் நிறுவனத்தின் பரந்த பயிற்சி வளாகமும், வரிசை வரிசையான குடியிருப்பு மனைகளும் அப்பெயரைத் தமக்குரியதாக ஆக்கிக்கொண்டுவிட்டன. கழிவு நீரால் கெட்டுப்போன ஏரியும் அண்மைக் காலத்தில் இன்ஃபோசிஸ் அறக்கட்டளையின் நிதியுதவியால் சீரமைக்கப்பட்டது. மாநகராட்சியின் வார்டுகளில் ஒன்றாகிவிட்ட இப்பகுதிக்குக் கிராம சபை கிடையாது. இத்தகைய ஊர்கள் நம் நாட்டில் ஆயிரக்கணக்கில் உள்ளன. ஊர் நகரோடு சேரும்போது சாலையும் குழாய்நீரும் வருகின்றன. ஊரார் ஒருவருக்கொருவர் செய்தி சொல்லிக்கொண்ட வழி என்னாகிறது என்பதைத் திட்டமிடுவோர் பெரும்பாலும் கேட்பதில்லை.

கிராமத்தில் செய்தி என்பது யாது? மதகு எப்போது திறக்கப்படும், யார் வீட்டு எருது விலைக்கு வந்துள்ளது, வருவாய்த் துறை அலுவலர் எந்நாளில் வருகிறார், யார் காலமானார் என்பவையே அன்றாடச் செய்திகள். பழைய மைசூர்ச் சீமையில் இவற்றைக் கொண்டுசெல்ல ஆட்கள் இருந்தனர். ஏரி நீரைப் பங்கிடும் நீர்கண்டி, ஊர்க்காவலனான தளவாரன், தமுக்கடித்து அறிவிக்கும் தோட்டி ஆகியோர் வழிவழியாக இப்பணிகளைச் செய்துவந்தனர். சமூகவியல் அறிஞர் எம்.என். சீனிவாஸ், மைசூரை அடுத்த ஒரு சிற்றூரில் 1948-ல் தங்கி ஆய்வு நடத்தினார். அவருடைய ஆய்வுக் குறிப்புகள் 1970-ல் அமெரிக்காவில் நேர்ந்த தீயில் அழிந்தன. ஆயினும் நினைவையே பெரிதும் துணையாகக் கொண்டு அவர் எழுதிய நூல் 1976-ல் வெளிவந்தது. அவ்வூருக்கு அவர் இட்ட புனைபெயர் ராம்புரா. குறிப்பேடு எரிந்த பின்னும் ஓர் ஊரை முழுமையாக எழுத முடிந்ததெனில், அவ்வூரார் ஒருவரைப்பற்றி ஒருவர் எவ்வளவு பேசியிருப்பர் என்று எண்ணிப் பார்க்கலாம்.

அன்றாடச் செய்திக்கு இந்த ஆட்கள் போதும். ஆண்டுக் கணக்கான செய்திகளுக்கோ பண்டிகைகளே களமாக இருந்தன. யுகாதியைக் கொள்வோம். வேப்பம்பூவையும் வெல்லத்தையும் சேர்த்து உண்பதை அனைவரும் அறிவர். அன்று நடைபெறும் பஞ்சாங்க சிரவணமோ அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கோவில் மண்டபத்திலோ மரத்தடியிலோ ஊரார் கூடியிருக்க, புத்தாண்டின் பஞ்சாங்கம் உரக்கப் படிக்கப்படும். எந்தக் கோள் அரசன், எது அமைச்சன், மழை எத்தனை மரக்கால், எந்தத் தானியம் விளையும், எதன் விலை ஏறும் என்பன அதில் வரும். மழைக் கணிப்பு பலிக்குமா என்பது வேறு கேள்வி. அதற்கு வானிலைத் துறையையே நாட வேண்டும். ஆனால் எழுத்தறியாதவரும் எழுத்தறிந்தவரும் ஒரே செய்தியை ஒரே நேரத்தில் கேட்டனர். கேட்ட உடனே இவ்வாண்டு கேழ்வரகா நெல்லா என்று விவாதித்தனர். யுகாதியை ஒட்டி ‘ஹொன்னாரு’ எனப்படும் முதலேர் பூட்டப்பட்டது. தமிழ்நாட்டில் சித்திரையில் பொன்னேர் பூட்டும் வழக்கமும் இதுவே. செய்தி, விவாதம், செயல் ஆகிய மூன்றும் ஒரே வாரத்தில் நிகழ்ந்தன. இன்றைய வேளாண் விரிவாக்கப் பணியில் இம்மூன்றும் ஒரே மாதத்தில் நிகழ்ந்தாலே பெரிது.

பிள்ளையார் சதுர்த்திக்கு முந்திய நாள் கௌரி நோன்பு. மூங்கில் முறங்களில் மஞ்சள், குங்குமம், வளையல், அரிசி, பருப்பு, வெல்லம் வைத்து மணமான மகளிர்க்குப் பிறந்த வீட்டிலிருந்து சீர் வழங்கப்படும். இதற்கு ‘பாகின’ என்று பெயர். மகளிர் பலர் பிறந்தகம் வந்து சேர்வதும் உண்டு. ஒரு மகள் தான் வாழ்க்கைப்பட்ட ஊரின் செய்தியை முழுதுமாக எடுத்து வருகிறாள்: அங்கே கிணறு எத்தனை அடியில் நீர் கண்டது, புது விதை முளைத்ததா, குழந்தைக்கு எந்த மருத்துவமனையில் ஊசி போட்டனர் என்பதெல்லாம் அடுப்படியில் பேசப்படும். ஆண்கள் கூடும் திண்ணையை மட்டுமே கிராமத்தின் செய்தி நிலையமாகக் கருதிய விரிவாக்க அலுவலர்கள், இந்த அடுப்படியைக் கண்டுகொள்ளவில்லை. குடும்ப நலத்திட்டங்கள் சில ஊர்களில் மெதுவாக நகர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சங்கராந்தியன்று எள், வெல்லம், கொப்பரை, நிலக்கடலை, பொட்டுக்கடலை ஆகியவற்றைக் கலந்து, கரும்பும் சர்க்கரை அச்சும் சேர்த்து வீடுதோறும் வழங்குவர். எள்ளும் வெல்லமும் தின்று நல்லதையே பேசுங்கள் என்பது வழக்கு. பேச்சு நின்றுபோன இரு வீடுகளுக்கிடையே அத்தட்டு சென்றுவிட்டால், மறுநாள் அதுவே ஊர்ச் செய்தி. மாலையில், குளிப்பாட்டிக் கொம்புக்கு வண்ணம் பூசிய மாடுகளை வைக்கோல் தீயைத் தாண்டி ஓட்டுவர். மைசூரை அடுத்த சித்தலிங்கபுரத்தில் இதைக் காணப் பெருங்கூட்டம் கூடுகிறது. கூடியவர் வேடிக்கை மட்டும் பார்ப்பதில்லை. யாரிடம் எத்தனை மாடுகள், அவை எந்நிலையில் உள்ளன என்று கால்நடைக் கணக்கையும் எடுத்துவிடுகின்றனர். திருநாட்கூட்டத்தின் இப்பயனை அரசும் அறிந்திருந்தது. மைசூர் தசராவோடு இணைந்த பொருட்காட்சி, புதிய முன்னேற்றங்களை மக்களுக்கு அறிமுகப்படுத்தும் நோக்குடன் பத்தாம் சாமராஜ உடையார் காலத்தில், 1880-ல் தொடங்கப்பட்டது.

இவையனைத்தினும் ஊன்றிக் கவனிக்கத்தக்கது திருவிழா வரி. தமிழ்நாட்டில் இது தலைக்கட்டு வரி. கன்னட நாட்டில் ‘வந்திகெ’. அம்மன் திருவிழாவிற்கு வீட்டுக்கு இவ்வளவு என்று வாங்கி, விழா முடிந்தபின் ஊரார் நடுவே வரவும் செலவும் படித்துக் காட்டப்படும். பந்தலுக்கு எவ்வளவு, மேளத்திற்கு எவ்வளவு என்று கேட்க வரி கொடுத்த எவருக்கும் உரிமை உண்டு. கணக்கு உதைத்தால் அங்கேயே சச்சரவு எழும். பொதுப்பணத்தின் கணக்கைப் பொதுவில் படிப்பது என்ற கொள்கையைக் கிராமம் சட்டத்திலிருந்து கற்கவில்லை. ஆனால் தலைக்கட்டாக எண்ணப்படாதவர் கேள்வி கேட்க முடியாது. பல ஊர்களில் கைம்பெண் தனித்து நடத்தும் குடும்பம் அரைத் தலைக்கட்டாகவோ, கணக்கில் வராததாகவோ இருந்தது. சேரியில் வாழ்ந்தோரிடம் வரி வாங்க மறுப்பதே அவர்களை விலக்கிவைக்கும் முறையாக இருந்தது.

பழைய ஏற்பாட்டைப் போற்றுவோர் இந்த இடத்தில் விரைந்து நடந்துவிடுகின்றனர். நிற்க வேண்டிய இடம் இதுதான். ஊருக்கெல்லாம் செய்தி சொன்ன தோட்டி, செய்தி பேசப்பட்ட திண்ணையில் ஏற முடியாது. சாவுச் செய்தியை வெயிலென்றும் மழையென்றும் பாராமல் அடுத்த ஊருக்குக் கொண்டுசென்றவருக்குக் கூலி என்பது களத்து மேட்டுத் தானியமே. கர்நாடகத்தில் பரம்பரைக் கிராமப் பதவிகள் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டன. ஆயினும் பறையும் தமுக்கும் பல இடங்களில் அதே தோள்களில் தொடர்ந்தன. தமிழ்நாட்டில் 2022 ஆகஸ்டில்தான், தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தி, வாகனங்களில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்குமாறு தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்கு அறிவுறுத்தினார். நெடுங்காலம் காத்திருந்த நடவடிக்கை இது. பழைய வழி போனது பற்றி வருந்துவதற்கு இல்லை; அதனிடத்தில் வந்தது எது என்பதே கேள்வி.

முதலில் வந்தது வானொலி. ஹெப்பாளிலிருந்து அதிகத் தொலைவு இல்லாத வாணிவிலாச மொகல்லாவில், உளவியல் பேராசிரியர் எம்.வி. கோபாலசாமி தம் இல்லத்தில் 1935-ல் ஒரு வானொலி நிலையத்தைத் தொடங்கினார். ‘ஆகாசவாணி’ என்ற பெயர் அந்நிலையத்திற்குரியது. பின்னரே நாடு முழுவதற்கும் ஆயிற்று. 1956-ல் புனேயை மையமாகக் கொண்டு யுனெஸ்கோவின் துணையுடன் நடந்த கிராம வானொலி மன்றச் சோதனையில், 150 கிராமங்களில் மக்கள் கூடி ஒலிபரப்பைக் கேட்டனர். கேட்டபின் அமர்ந்து விவாதித்து, தம் ஐயங்களை நிலையத்திற்கு எழுதியனுப்பினர். 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை செயற்கைக்கோள் வழியே ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி சென்றது. கர்நாடகத்தின் ராய்ச்சூர், குல்பர்கா, பிஜாப்பூர் மாவட்டங்கள் அவற்றுள் அடங்கும். இரண்டிலும் மக்கள் ஒன்றாகக் கூடிக் கேட்டனர், கண்டனர். பெட்டி வீட்டுக்கு வீடு வந்து, பின்னர் கைபேசியாய் ஆளுக்கு ஆள் வந்தபின், செய்திக்குக் குறைவில்லை, கூட்டம்தான் கலைந்தது. டெல்லிச் செய்தி நொடியில் தெரிகிறது. அடுத்த தெருவின் குடிநீர்க் குழாய் ஏன் மூன்று நாளாக வறண்டு கிடக்கிறது என்பதைச் சொல்வார் இல்லை.

கிராமங்களுக்கேனும் ஓர் ஏற்பாடு உண்டு. தமிழ்நாட்டில் குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள் ஆகிய விடுமுறை நாட்களில் கிராம சபை கூடுகிறது. 2022-ல் உலக நீர் நாளும் உள்ளாட்சி நாளும் இவற்றோடு சேர்க்கப்பட்டன. விடுமுறை நாளைத் தேர்ந்தது நல்ல கணிப்பு. ஊரில் ஆள் இருக்கும் நாளில்தான் ஊர்ப்பேச்சு நடைபெறும். பண்டிகைகளை வகுத்தோர் கண்டதும் இதுவே.

ஹெப்பாள் போன்ற ஊர் மாநகராட்சியோடு சேரும்போது இந்த உரிமை நழுவுகிறது. மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் வார்டுக் குழுக்கள் வேண்டும் என்று அரசமைப்பின் 74-ஆம் திருத்தம் கூறுகிறது. ஒரு குழுவில் சிலரே உறுப்பினர். கிராம சபையிலோ வாக்காளர் அனைவரும் உறுப்பினர். இக்குறையை நீக்கும் பொருட்டுக் கர்நாடகம் 2011-ல் மாநகராட்சிச் சட்டத்தைத் திருத்திப் பகுதி சபைகளுக்கு இடமளித்தது. தமிழ்நாட்டின் நகரங்களில் 2022 நவம்பர் முதல் நாளன்று பகுதி சபைகள் கூடின. சட்டத்தில் இடம் இருப்பது வேறு, தெருவில் கூட்டம் கூடுவது வேறு. மைசூர் மாமன்றத்தின் பதவிக்காலம் 2023 நவம்பரில் முடிந்து நிருவாகியின் பொறுப்பில் நகரம் சென்றபோது, வார்டு மக்கள் செய்தி கேட்பதற்கு உறுப்பினர்கூட இல்லாத நிலை ஏற்பட்டது.

ஆலைகளில் முறைமாற்றிப் பணிபுரிவோரும், வெளிமாவட்டங்களிலிருந்து வந்து வாடகைக்குக் குடியிருப்போரும் நிறைந்த இத்தகைய பகுதியில், அலுவலக வேலை நாளில் கூட்டப்படும் சபைக்கு எவரும் வாரார். யுகாதிக்கும் சங்கராந்திக்கும் ஆலை விடுமுறை. தெருவில் எல்லோரும் இருப்பர். பஞ்சாங்கம் படிக்கும் வேளையை ஒட்டி ஒரு மணி நேரம் ஒதுக்கினால், வார்டின் சாக்கடைக்கும் தெருவிளக்கிற்கும் ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவானது எவ்வளவு என்று அங்கேயே படித்துக் காட்டலாம். கூட்டம் எந்தச் சாதியாருக்கும் தயக்கமின்றி வரக்கூடிய பள்ளித் திடலில் நடக்க வேண்டும். வந்திகெ கொடுத்தவர், கொடாதவர், வாடகைக்காரர், தனித்து வாழும் பெண் என்ற வேறுபாடின்றி வாக்காளர் பட்டியலே தலைக்கட்டுப் பட்டியலாக இருக்க வேண்டும். இதற்குப் புதிய நிதி ஏதும் தேவையில்லை. ஓர் ஒலிபெருக்கியும், கணக்கேட்டுடன் வந்து நிற்க ஒரு மாநகராட்சி அலுவலரும் போதும்.