தேடுவோர் கைக்கு எட்டட்டும்



பத்தாம் ஆண்டு விழாவில் வாழ்த்துரை வழங்குவது மரபு. நானோ ஒரு வேண்டுகோளுடன் வந்திருக்கிறேன். பத்தாண்டுகளாக இம்மன்றில் நாம் படித்தளித்த கட்டுரைகளை நாளைய ஆய்வு மாணவர் ஒருவர் எவ்வாறு கண்டடைவார்? இதுவே என் கேள்வி.

தேடலுக்குத் துணைசெய்யும் கருவிகள் தமிழுக்குப் புதியவை அல்ல. தமிழ் அச்சு நூல்களை வகைப்படுத்தி ஜான் மர்டாக் 1865ஆம் ஆண்டிலேயே பட்டியல் வெளியிட்டார். தமிழியல் நூல்களுக்கான வழிகாட்டியைத் தனிநாயகம் அடிகளார் 1966இல் கோலாலம்பூரில் வெளியிட்டார். சீர்காழி தந்த நூலக மேதை எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் ஒன்று, வாசகரின் காலத்தை வீணாக்கலாகாது என்பதாகும்.

நூலைத் தேடுவதினும் கட்டுரையைத் தேடுவது கடினம். யூஜின் கார்ஃபீல்டு 1964இல் வெளியிட்ட அறிவியல் மேற்கோள் அடைவு அதற்கொரு புதுவழி திறந்தது. அடிக்குறிப்பு நமக்கு முன்னே எழுதியவரைக் காட்டும். அவ்வடைவோ, ஒரு கட்டுரையைப் பின்னே எடுத்தாண்டவர் யாவர் எனக் காட்டியது. 2004இல் தோன்றிய கூகுள் ஸ்காலர் அவ்வழியைக் கட்டணமின்றி எல்லார்க்கும் திறந்துவிட்டது.

ஆயினும் அதன் வரிசையை அப்படியே தரவரிசை எனக் கொள்ளலாகாது. எத்தனை பேர் எடுத்தாண்டனர் என்பதும் அவ்வரிசையைத் தீர்மானிக்கிறது. ஆகவே எவரும் சுட்டாத கட்டுரை, எத்துணைச் சிறந்ததாயினும், அடியில் தங்கிவிடக்கூடும். இணையம் ஏறாதது பெரும்பாலும் கண்ணிலேயே படாது. நம் மொழியின் இயல்பும் ஓர் இடர் தருகிறது. "சிலப்பதிகாரம்" என்று தேடுவார்க்குச் "சிலப்பதிகாரத்தில்" எனத் தலைப்பிட்ட கட்டுரை தப்பிவிடலாம். பெயரை ஆங்கில எழுத்தில் நாலுவிதமாக எழுதினால், ஒருவரே நால்வராகிவிடுவார்.

குறை கருவியிடம் மட்டுமா? "அறிஞர் ஒருவர் கூறியதுபோல" என்றெழுதி நாமும் கடந்து போகிறோம். பெயர் சுட்டாத பாராட்டை எந்த அடைவும் ஏற்காது. புனைபெயர் மட்டுமே தாங்கி, ஆண்டும் இன்றி, மலரோடு மலராய் வாடிப்போன கட்டுரைகள் எத்தனை!

ஆதலால் மூன்று செய்வோம். பத்தாண்டுக் கட்டுரைகளுக்கும் ஆசிரியர், தலைப்பு, ஆண்டு, பொருள் காட்டும் அடைவு ஒன்று தொகுப்போம். ஒவ்வொரு கட்டுரைக்கும் தமிழிலும் ஆங்கிலத்திலும் சிறு சுருக்கம் சேர்த்து, எழுத்தைத் தேடத்தக்க வடிவில் இணையத்தில் ஏற்றுவோம். மலரின் படியொன்றைச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற காப்பகத்திற்கு அனுப்புவோம்.

கவிஞர்களுக்கு இது கணக்கர் வேலையாகத் தோன்றலாம். ஆனால், பாடியவர் பெயரையும் பாடப்பட்டவர் பெயரையும் துறையையும் பாட்டின் அடியில் குறித்துவைத்த தொகுப்பாளர்களாலன்றோ புறநானூற்றுப் புலவரை இன்று பெயர்சொல்லி அழைக்கிறோம்? அப்பணியை நம் தலைமுறைக்கும் செய்வோம்.