காவலாளி நிற்கும் இடம்



கொடைக்கானலுக்கு மோட்டார் சாலை ஏற்படுவதற்கு முன்னர், பெரியகுளத்துச் சமவெளியிலிருந்து மலையேற விரும்பியவர்கள் கால்நடையாகவோ, பிறர் சுமக்கும் டோலியில் அமர்ந்தோ ஏறிச் சென்றனர். அந்தப் பழைய மலைப்பாதையில் அமைந்த ஊர் வெள்ளகவி. மேலே வட்டக்கானல், கீழே கும்பக்கரை. இரண்டுக்கும் நடுவே, சரிவில் ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் அவ்வூர் இருக்கிறது. நெடுங்காலம் வண்டி செல்லும் சாலையின்றி வாழ்ந்த ஊர் அது. ஊர் எல்லைக்குள் காலணி அணியக் கூடாது என்பது அங்குள்ளோர் போற்றிவரும் வழக்கம். காப்பியும் மிளகும் வாழையும் விளையும் அச்சரிவுகளில், உழவனுக்கு ஓயாத தொல்லை ஒன்று உண்டு. அதுதான் காட்டுப்பன்றி.

ஒருமுறை அவ்வழியே இறங்கியபோது பெரியவர் ஒருவரிடம் இதைப்பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “தம்பி, ஒரு ராத்திரி கீழ்க்காட்டில் பன்றி உறுமியது. காவலுக்கு இருந்த மூன்று பேரும் தீப்பந்தத்தோடு அங்கே ஓடினோம். அது ஒற்றைப் பன்றி. நாங்கள் அதை விரட்டிக்கொண்டிருந்த நேரத்தில் கூட்டம் மேல்வேலி வழியாக இறங்கிவிட்டது. விடிந்து பார்த்தால் தோட்டம் உழுது போட்ட மாதிரி கிடந்தது. சத்தம் கேட்கிற இடத்துக்கு ஒருவன் போனால் போதும். மற்றவன் தடத்தை விட்டு நகரவே கூடாது.”

நண்பர்களே, நான் இன்று பேச வந்த பொருள் உழவு அன்று, விளையாட்டு. ஹாக்கி ஆட்டத்தில் காவல் நிற்பவர் எங்கே நிற்க வேண்டும், எவ்வாறு தவறுகின்றனர் என்பதே அது. ஆயினும், இப்பொருளைப் பற்றி நூல்கள் பல பக்கங்களில் விளக்குவதை அப்பெரியவர் நான்கே வாக்கியங்களில் சொல்லிவிட்டார் என்று எனக்குத் தோன்றியது. அதனால்தான் அவரிடமிருந்து தொடங்கினேன்.

முதலில் களத்தை நோக்குவோம். ஹாக்கிக் களத்தின் நீளம் 91.4 மீட்டர், அகலம் 55 மீட்டர். இத்துணைப் பெரிய பரப்பைப் பதினொருவர் காக்க இயலுமா? இயலாது. நல்ல வேளையாக, காக்க வேண்டியதும் அப்பரப்பு முழுவதும் அன்று. கோலின் அகலம் 3.66 மீட்டர் மட்டுமே. அதன் முன்னே 14.63 மீட்டர் தொலைவில் வளைந்து செல்லும் கோட்டுக்கு உள்ளிருந்து அடிக்கப்படும் பந்துதான் கோலாகும். ஆகவே காவலின் முதல் பாடம், எல்லா இடமும் ஒரே மதிப்புடையது அன்று என்பதே. கோலுக்கு நேர் முன்னுள்ள இடம் பொன் போன்றது. ஓரக்கோட்டை ஒட்டிய இடம் பதர். எதிரியைப் பொன்னிலிருந்து விலக்கிப் பதருக்குத் தள்ளுவதே காவலாளியின் தொழில்.

இதற்குச் சிறிது கணக்கும் துணைசெய்கிறது. கோலுக்கு நேரே 10 மீட்டர் தொலைவில் ஒருவன் பந்தோடு நிற்கிறான் என்று கொள்ளுங்கள். கோல் காப்பாளர் கோட்டிலேயே நின்றால் 3.66 மீட்டர் அகலத்தையும் அவர் ஒருவரே காக்க வேண்டும். அவர் மூன்று மீட்டர் முன்னே வந்து நின்றாலோ, காக்க வேண்டிய அகலம் ஏறத்தாழ 2.56 மீட்டராகக் குறைந்துவிடுகிறது. வடிவ கணிதத்தில் நீங்கள் கற்ற ஒத்த முக்கோணங்களின் விதிதான் இது. கோல் காப்பாளரின் கையும் காலும் நீளவில்லை. அவர் நிற்கும் இடம் மாறியது, அவ்வளவே. வள்ளுவப் பெருந்தகை போர்த்திறம் கூறுமிடத்து ‘இடனறிதல்’ என்று தனி அதிகாரமே வகுத்ததன் நுட்பம் இங்கே விளங்குகிறதல்லவா?

இனி, காவலில் நேரும் பிழைகளை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதலாவது பிழை, பந்தை மட்டுமே பார்ப்பது. பந்து ஓரிடத்தில் இருக்கிறது. ஆபத்து வேறோரிடத்தில் இருக்கிறது. பந்து வலப்புறம் உருளும்போது பார்வை முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டால், இடப்புறத்தில் முதுகுக்குப் பின்னே ஓடிவரும் வீரன் கண்ணுக்குப் படமாட்டான். பந்தும் தன் பொறுப்பிலுள்ள எதிரியும் ஒருசேரத் தெரியும்படி உடலைத் திருப்பி நிற்பவனே நல்ல காவலாளி.

இரண்டாவது பிழை, இருவர் ஒருவனிடம் ஓடுவது. பந்து வைத்திருப்பவனை நோக்கி இருவர் பாய்ந்தால், வேறெங்கோ ஒருவன் காவலின்றி விடப்படுகிறான். இதில் வியப்பு என்னவெனின், இப்பிழையைச் செய்பவன் சோம்பேறி அல்லன், மிகுந்த ஊக்கமுடையவன். ஊக்கம் இடமறியாதபோது ஊறாகிறது.

மூன்றாவது பிழை, எதிரிக்கும் கோலுக்கும் நடுவே நில்லாமல், எதிரிக்கு அப்பால் நிற்பது. நான்காவது, பொறுமையிழந்து மட்டையை வீசிப் பாய்வது. பாய்ந்தவன் தவறிவிட்டால் எழுந்து திரும்புவதற்குள் எதிரி வட்டத்துக்குள் நுழைந்துவிடுவான். பந்தைப் பறிக்க இயலாவிடினும், எதிரியின் வேகத்தைத் தாமதப்படுத்தி ஓரத்துக்குத் தள்ளினாலே பாதி வெற்றி. ஐந்தாவது பிழை, பேசாமலிருப்பது. “இவனை நான் பார்த்துக்கொள்கிறேன், அவனை நீ பார்” என்று ஒரு சொல் சொல்லாததால் விழுந்த கோல்கள் எண்ணற்றவை.

நம்முடைய கபடி ஆட்டத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. பாடிவருபவனை ஓரக் காவலர் பிடிக்க முனையும் கணத்தில், பக்கத்தில் இருப்பவர் அவன் தப்பும் வழியை அடைத்தாக வேண்டும். ஒருவன் முந்தி மற்றவன் பிந்தினால், பாடிவந்தவன் நடுக்கோட்டைத் தொட்டுவிடுவான்.

பனித்தரையில் ஆடும் ஐஸ் ஹாக்கியில் இப்பிழைகள் இன்னும் விரைவாகத் தண்டிக்கப்படுகின்றன. கொடைக்கானலில் மார்கழி, தை மாதங்களில் புல்நுனியில் உறைபனி படிவதுண்டு. ஆனால் ஏரி உறைவதில்லை. நம் நாட்டில் அவ்விளையாட்டின் வீடு லடாக். அங்கே குளிர்காலத்தில் குளங்கள் உறைந்து பாறையாக, சிறுவரும் சிறுமியரும் சறுக்குக் காலணி பூட்டி ஆடுகின்றனர். அணிக்கு ஆறு பேர். பந்துக்குப் பதிலாக ‘பக்’ எனப்படும் கெட்டி ரப்பர் வட்டு. அக்களத்தில் கோலுக்குப் பின்னாலும் ஆடும் இடம் உண்டு. இதுதான் காவலாளிக்குப் பெருஞ்சோதனை. வட்டு கோலுக்குப் பின்னுள்ள மூலைக்குப் போனதும் எல்லாக் கண்களும் பின்னே திரும்புகின்றன. பின்காப்பாளர் இருவரும் ஒரே மூலைக்குச் சறுக்கிச் செல்கின்றனர். கோலின் முன்னே ஓர் எதிரி தனித்து நிற்கிறான். மூலையிலிருந்து ஒரு தட்டு, முன்னிருந்து ஓர் அடி, கோல்! ஆதலின், ஒருவர் மூலைக்குச் சென்றால் மற்றவர் கோல் முகத்தை விட்டு அசையலாகாது என்பது அங்கே பாலபாடம். வெள்ளகவிப் பெரியவர் சொன்னதும் இதுவேயன்றோ?

இனி நம் நாட்டு வரலாற்றிலிருந்து மூன்று நாள்களை நினைவுகூர்வோம்.

1980ஆம் ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக் இறுதிப்போட்டி. இந்திய அணித்தலைவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன். இடப்புற அரைக்காப்பில் ஆடியவர். ஸ்பெயினுக்கு எதிராக இந்தியா மூன்று கோல்கள் முன்னணி பெற்றது. வெற்றி கைக்கு வந்ததாகத் தோன்றிய வேளையில் ஸ்பெயின் இரண்டு கோல்களைத் திருப்பியது. முகமது ஷாஹித் நான்காவது கோலை அடித்தார். ஸ்பெயின் மீண்டும் ஒன்று அடித்தது. முடிவில் 4–3 என்று இந்தியா தங்கம் வென்றது. முன்னணியில் இருக்கும் அணியின் காவலே எளிதில் தளரும் என்பதை அந்த ஆட்டம் காட்டுகிறது. தளர்ந்த காவலையும் இறுகப் பற்றி வெல்லலாம் என்பதையும் காட்டுகிறது.

இரண்டாவது நாள், 1982 டிசம்பர் 1. டில்லி ஆசிய விளையாட்டின் இறுதிப்போட்டி. சொந்த மண்ணில், நாடே பார்த்துக்கொண்டிருக்க, பாகிஸ்தானிடம் இந்தியா 1–7 என்று தோற்றது. அன்று கோல் காத்தவர் மீர் ரஞ்சன் நேகி. தோல்வியின் சுமை முழுவதும் அவர் ஒருவர் தலையிலே ஏற்றப்பட்டது. அவர் நாட்டுக்கே துரோகம் செய்துவிட்டதாகக்கூடப் பழி பேசினர். அப்பழிக்கு ஆதாரம் எதையும் எவரும் காட்டியதில்லை. உண்மையில் நேர்ந்தது என்ன? கோலடிக்கும் வேட்கையில் இந்திய அணி முன்னேறிச் சென்றபோது பின்புலம் திறந்து கிடந்தது. எதிரணியின் விரைவான முன்னணியினர் அத்திறப்பின் வழியே வந்து கோல் காப்பாளரைத் தனியே சந்தித்தனர். தோல்வியின் புள்ளிக்கணக்கை எல்லோரும் பார்த்தனர். காவல் எங்கே திறந்தது என்று பார்த்தவர் சிலரே.

நண்பர்களே, இங்கே சற்று நிற்போம். கோல் காப்பாளரைத் தாண்டும் பந்து, அதற்கு முன்னரே பத்துப் பேரைத் தாண்டியிருக்கிறது. ஆனால் அந்தப் பத்துப் பேரின் பிழை கண்ணில் படுவதில்லை. கடைசியில் நின்றவரின் பிழை மட்டும் எண்ணாகப் பலகையில் ஏறிவிடுகிறது. காவலின் நுட்பத்தைக் கற்பது ஆட்டத்தில் வெல்வதற்கு மட்டும் அன்று. தோல்விக்குப் பின் நேர்மையாக நடப்பதற்கும் அது வேண்டும். நேகி பின்னாளில் ஹாக்கிக்கே திரும்பி வந்தார். 2002ஆம் ஆண்டு மான்செஸ்டரில் காமன்வெல்த் தங்கம் வென்ற இந்திய மகளிர் அணியின் பயிற்சிக் குழுவில் அவரும் இருந்தார். பழி சுமந்த ஒருவர் மற்றவருக்குக் காவல் கற்பித்தார் என்பது எண்ணி மகிழத்தக்கது.

மூன்றாவது நாள், 2024 ஆகஸ்டு 4. பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியில் எதிரணி பிரிட்டன். ஆட்டத்தின் 17ஆம் நிமிடத்தில் இந்தியப் பின்காப்பாளர் அமித் ரோகிதாஸ் சிவப்பு அட்டை பெற்று வெளியேற்றப்பட்டார். எஞ்சிய நாற்பது நிமிடங்களுக்கு மேலாகப் பத்துப் பேரே ஆட வேண்டும். நடுக்கள வீரர் மன்பிரீத் சிங் காவல் வரிசைக்கு இறங்கினார். முன்னணியினரும் பின்னே வந்து துணைநின்றனர். ஒருவர் குறைந்தபோது அவர்கள் களம் முழுவதையும் காக்க முயலவில்லை. ஓரங்களை விட்டுக்கொடுத்து நடுவை இறுக்கினர். கோலில் ஸ்ரீஜேஷ் மலைபோல் நின்றார். ஆட்டம் 1–1 என்று சமனாக முடிந்தது. பின்னர் நடந்த ஷூட்அவுட்டில் 4–2 என்று இந்தியா வென்றது. அவ்வணி வெண்கலப் பதக்கத்தோடு நாடு திரும்பியது.

பதினொருவர் இடமறியாது நின்றால் ஏழு கோல் விழும். பத்துப் பேர் இடமறிந்து நின்றால் ஒன்றோடு நிற்கும். இதனினும் தெளிவான பாடம் வேறு வேண்டுமா?

ஒரு செய்தியையும் மறவாதீர்கள். ஹாக்கியில் முற்காலத்தில் ‘ஆஃப்சைடு’ என்னும் விதி இருந்தது. காவலர் வரிசையைத் தாண்டி எதிரி முன்கூட்டியே சென்று நிற்க அது இடந்தரவில்லை. 1990களின் பிற்பகுதியில் அவ்விதி நீக்கப்பட்டது. ஆகவே இன்று எதிரி உங்கள் முதுகுக்குப் பின்னே எங்கும் நிற்கலாம். விதி செய்துவந்த காவலையும் இனி வீரனின் விழிப்பே செய்தாக வேண்டும்.

தமிழ்நாட்டு இளைஞருக்கு இவ்வாட்டம் அயலான ஒன்றன்று. கோவில்பட்டியின் ஹாக்கிப் பெருமையை அறியாதார் இலர். 2025 நவம்பர், டிசம்பரில் இளையோர் உலகக் கோப்பைப் போட்டிகள் சென்னையிலும், நம் மலையடிவாரத்துக்கு அண்மையிலுள்ள மதுரையிலும் நடைபெற்றன. அவற்றைக் கண்டவர்கள் கோலடித்தவர்களின் பெயர்களை நினைவில் வைத்திருப்பார்கள். அடுத்த முறை ஓர் ஆட்டத்தைப் பார்க்கும்போது, ஒரு பத்து நிமிடம் பந்தை விட்டுவிட்டு ஒரு பின்காப்பாளரை மட்டும் பாருங்கள். அவர் எப்போது ஓடுகிறார், எப்போது ஓடாமல் நிற்கிறார், யாரை நோக்கிக் கைகாட்டிப் பேசுகிறார் என்று கவனியுங்கள். ஆட்டத்தின் மறைந்திருக்கும் பாதி அப்போது உங்களுக்குத் தெரியவரும்.

உங்கள் பள்ளி அணியிலும் கல்லூரி அணியிலும் கோல் காக்கும் ஒரு நண்பர் இருப்பார். அணி தோற்ற மாலையில் அவர் தலைகுனிந்து தனியே நடந்து செல்லக்கூடும். அன்று அவரிடம் சென்று, “ஏன் விட்டாய்?” என்று கேளாதீர்கள். “அப்போது நான் எங்கே நின்றேன்?” என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

வெள்ளகவித் தோட்டத்தை இழந்த அந்த இரவுக்குப் பின், அம்மூவரும் ஒருவரையொருவர் குறை கூறிக்கொண்டார்களா என்று பெரியவரைக் கேட்டேன். “எதற்குத் தம்பி? மறுநாள் ராத்திரியும் காவல் இருக்க வேண்டுமே! யார் எங்கே நிற்பது என்று பேசி வைத்துக்கொண்டோம்” என்றார்.