இரண்டரை அடி ரயில், மீண்டும் என் மேஜையில்

(நம் குடியிருப்பின் மூத்தோர் மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஓய்வுக்குப் பிறகு பொழுதை எப்படிக் கழிக்கிறோம் என்று ஆளுக்குப் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். எனக்கு முன்னால் பேசியவர்கள் மாடித் தோட்டம், யோகா என்று பயனுள்ளதாகப் பேசினார்கள். நான் ரயில் பொம்மையைப் பற்றிப் பேசப் போகிறேன். பொம்மை என்றால் எனக்குக் கோபம் வராது. ஆனால் இந்தப் பொம்மைக்குப் பின்னால் நம் ஊர்ச் சரித்திரம் இருக்கிறது.

நம்மில் பலர் வேலைக்காக ஓசூர் வந்தவர்கள். இங்கே ரயில் என்றால் பெங்களூரு - சேலம் பாதைதான் நமக்குத் தெரியும். அது சுதந்திரத்துக்குப் பிறகு மீட்டர் கேஜாகப் போட்டு, 1990களில் அகலப்பாதையாக மாற்றியது. அதற்கு வெகுகாலம் முன்பே ஓசூருக்கு ஒரு ரயில் இருந்தது. மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906-இல் ஒரு சிறு பாதை போட்டார்கள், சுமார் 18 மைல். 1913-இல் அதை ஓசூர் வரை நீட்டினார்கள். அதேபோல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905-இல் ஒரு பாதை, சுமார் 25 மைல். இரண்டுமே நேரோ கேஜ். தண்டவாளங்களுக்கு இடையே இரண்டரை அடிதான். இன்று கல்கா - சிம்லா மலை ரயில் ஓடுகிறதே, அதே அகலம்.

ஏன் போட்டார்கள்? பஞ்சத்துக்காக. 1876-78 பெரும் பஞ்சத்தில் பழைய சேலம் ஜில்லா பட்ட பாடு கொஞ்சமல்ல. அப்போது ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி எல்லாம் அந்த ஜில்லாதான். மழை பொய்த்தால் தானியம் உள்ளே வர வழி வேண்டும் என்றுதான் இந்தப் பாதைகள் வந்தன. லாபம் பார்த்துப் போட்டவை அல்ல. பிறகு நாடெங்கும் மோட்டார் பஸ் வந்து இப்படிப்பட்ட சிறு ரயில்களின் வருமானத்தைத் தின்றது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நம் இரண்டு பாதைகளையும் மூடித் தண்டவாளங்களைப் பெயர்த்துவிட்டார்கள். இன்று கிருஷ்ணகிரி மாவட்டத் தலைநகர். ஆனால் அந்த ஊருக்கு ரயில் இல்லை. மொரப்பூர் - தர்மபுரி புதிய பாதைக்கு 2019-இல் அடிக்கல் நாட்டினார்கள்.

இந்தப் பழைய ரயிலை மாடலாகச் செய்ய வேண்டும் என்று 1996-இல் தொடங்கினேன். என் மைத்துனர் மகன் ஜெர்மனியில் இருந்தான். வரும்போதெல்லாம் கொஞ்சம் தண்டவாளம் கொண்டு வருவான். அப்போது திட்டம் பெரிசு. மொரப்பூர் முதல் ஓசூர் வரை, ஒரு அறை முழுக்க. 2004-இல் அம்மா படுத்த படுக்கையானார்கள். அந்த அறை அவர்களுக்குத் தேவைப்பட்டது. எல்லாவற்றையும் நான்கு தகரப் பெட்டியில் போட்டு மூடினேன். பிறகு மகள் படிப்பு, கல்யாணம், வீடு மாற்றம். பெட்டிகள் கூடவே வந்தன, திறக்கவில்லை. போன வருடம் பேத்தி "இதுல என்ன இருக்கு தாத்தா?" என்று கேட்டாள். திறந்தோம்.

இருபது வருடம் மூடி வைத்த மாடல் எப்படி இருக்கும்? பலகையைக் கரையான் அரித்திருந்தது, தூக்கிப் போட்டேன். தண்டவாளம் கறுத்திருந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டுத் துடைத்தால் பளபளப்பு வந்துவிடும். உப்புத்தாள் போடாதீர்கள், கீறலில்தான் மறுபடி அழுக்கு சேரும். இன்ஜின் மோட்டாரில் எண்ணெய் பிசினாக இறுகியிருந்தது. பிரித்துச் சுத்தம் செய்து, ஊசி முனையில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன். 12 வோல்ட் மின்சாரத்தில் முனகிக்கொண்டே நகர்ந்தது. பேத்தி கைதட்டினாள்.

ஆனால் பழைய திட்டத்தைத் திரும்ப எடுக்கவில்லை. கணக்கு போட்டுப் பார்த்தேன். என் மாடல் 87-இல் ஒரு பங்கு. இந்த ஸ்கேலில் இரண்டரை அடிப் பாதை 8.8 மில்லிமீட்டர் வரும். கடையில் கிடைக்கும் 9 மில்லிமீட்டர் தண்டவாளம் அதற்குச் சரியாகப் பொருந்துகிறது. ஆனால் மொரப்பூரிலிருந்து தர்மபுரி வரை மட்டுமே 333 மீட்டர் வேண்டும். ஓசூர் வரை போனால் நம் மெயின் கேட் தாண்டி நெடுஞ்சாலைக்குப் போய்விடும். எனக்கு வயது 64. கண்ணும் கையும் இன்னும் எத்தனை வருடம் ஒத்துழைக்கும் என்று யோசித்துத்தான் எதையும் தொடங்க வேண்டும். அதனால் ஒரே ஒரு இடம், மொரப்பூர். ஆறடிக்கு இரண்டடிப் பலகை. ஒரு பக்கம் சென்னையிலிருந்து வரும் அகலப்பாதை, மறுபக்கம் நம் சின்ன ரயில். அகலப்பாதை இந்த ஸ்கேலில் 19 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் வரும். அது கடையில் கிடையாது. குச்சியை வெட்டி ஸ்லீப்பராக்கி, தண்டவாளத்தைக் கையால் பதிக்கிறேன். நாளைக்கு ஒரு சாண் நகர்கிறது.

மற்றதெல்லாம் உள்ளூர்ச் சரக்கு. ஜல்லிக்கு, கிரானைட் அறுக்கும் இடத்துத் தூளைச் சலித்துப் போடுகிறேன். ஃபெவிகாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, பாத்திரம் தேய்க்கும் திரவம் ஒரு சொட்டு விட்டால் அது தூளுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். தரைக்கு நம் செம்மண்ணையே வாணலியில் வறுத்துப் போடுகிறேன். பழைய மின்கம்பியை முறுக்கினால் புளியமரம். வறுத்த வாணலி இனிமேல் எனக்கே என்று வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

ஏன் மொரப்பூர் என்றால், அகலம் மாறுகிற இடத்தில் வண்டி கடந்து போக முடியாது. ஒவ்வொரு மூட்டையையும் ஆள் தூக்கித்தான் ஒரு வேகனிலிருந்து இன்னொரு வேகனுக்கு மாற்ற வேண்டும். தர்மபுரிப் பக்கத்துப் புளியானாலும் சரி, பஞ்சத்துக்கு வந்த தானியமானாலும் சரி, ஒருவர் தோளில் ஏறித்தான் போக வேண்டும். அந்தத் தோளை நான் காட்ட விரும்புகிறேன்.

இது எனக்கு எப்படித் தெரிந்தது? 1990களில் கவுன்டரில் உட்கார்ந்திருக்கும்போது மாதத்தின் முதல் வாரம் பென்ஷன் வாங்கப் பெரியவர்கள் வருவார்கள். கூட்டம் குறைந்ததும் "ஐயா, அந்தக் காலத்து ரயிலைப் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்பேன். ஒன்பது பேர் சொன்னதை ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். மூன்றாவது பெட்டியில் அந்த நோட்டு பத்திரமாக இருந்தது. ஓடும் ரயிலிலிருந்து இறங்கிப் புளியம்பழம் பொறுக்கிவிட்டு மறுபடி ஏறிக்கொள்வோம் என்று ஒருவர் சொன்னார். எல்லா ஊர்ச் சின்ன ரயிலுக்கும் சொல்கிற கதை அது. வவுச்சர் இல்லாத என்ட்ரி என்று பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறேன். இன்னொருவர் சொன்னது வேறு. அவருடைய அப்பா மூட்டை தூக்கியவர். ஒவ்வொரு மூட்டைக்கும் கணக்குப்பிள்ளை ஒரு குச்சி கொடுப்பாராம், சாயங்காலம் குச்சியை எண்ணிக் கூலியாம். அது எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்காது. அந்தக் கணக்குப்பிள்ளையை என் பலகையில் நிற்க வைத்திருக்கிறேன், முக்கால் அங்குல உயரம், கையில் குச்சிக் கட்டு.

அந்த ஒன்பது பேரும் இன்று இல்லை. 1941-இல் பத்து வயதுப் பையன் என்றால் இன்று தொண்ணூறைத் தாண்டியிருக்க வேண்டும். தண்டவாளம் இன்றைக்கும் ஆன்லைனில் வரும், மோட்டார் வரும், இன்ஜினே வரும். கேட்பதற்கு ஆள் வராது. பெட்டிகளைத் திறந்தபோது எனக்குப் புரிந்தது இதுதான். பெட்டியில் இருந்ததில் விலை மதிப்பில்லாதது அந்த நாற்பது பக்க நோட்டு மட்டும்தான்.

அதனால் என் வேண்டுகோள் ரயிலைப் பற்றியது அல்ல. நம் வளாகத்தில் எண்பது வயதைத் தாண்டியவர்கள் இருக்கிறார்கள். தமிழ் பேசுகிறவர்கள், தெலுங்கு, கன்னடம் பேசுகிறவர்கள். தொழிற்பேட்டை வருவதற்கு முன்பு இந்த ஊர் எப்படி இருந்தது, அவரவர் ஊரில் சந்தை எப்படி நடந்தது, கூலி எப்படிக் கொடுத்தார்கள் என்று உட்கார்ந்து கேளுங்கள். சொன்னவர் யார், எந்த ஊர், எந்த வருடம் என்று மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். தேதியில்லாத சீட்டை வங்கியில் வாங்க மாட்டோம். நம் காலாண்டு இதழில் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்கும்படி செயலாளர் சாரைக் கேட்டுக்கொள்கிறேன். முதல் பக்கத்துக்கு என் நோட்டிலிருந்து நானே தருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை 4 முதல் 6 வரை எங்கள் வீட்டுக் கதவு திறந்திருக்கும். குழந்தைகளை அனுப்புங்கள். தொடலாம், ஓட்டலாம். கணக்குப்பிள்ளையிடமிருந்து குச்சியை மட்டும் பிடுங்க வேண்டாம், மறுபடி செய்ய எனக்கு இரண்டு நாள் ஆகும்.