சந்தா முடிந்த பிறகு எது மிஞ்சும்?



சென்னையின் யானைக்கவுனி, ராயபுரம், திருவொற்றியூர் பகுதிகளிலிருந்து காலையில் ஏராளமான பிள்ளைகள் கல்லூரிக்குக் கிளம்புகிறார்கள். பிராட்வே பாரதி மகளிர் கல்லூரிக்கும், பழைய வண்ணாரப்பேட்டை தியாகராயா கல்லூரிக்கும், சேப்பாக்கத்திலுள்ள சென்னைப் பல்கலைக்கழகத்துக்கும் போகிறவர்கள் இவர்களில் உண்டு. இவர்கள் படிக்க வேண்டிய புத்தகங்களையும் ஆய்விதழ்களையும் யாரோ தேர்ந்தெடுத்து, விலை பேசி, வாங்கி வைக்கிறார்கள். வெளியில் அதிகம் பேசப்படாத வேலை அது. ஆனால் அதில் செலவாவது பெரும்பாலும் நம் வரிப்பணம். அதைப் பற்றிக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

முதலில் ஓர் அச்சுப் புத்தகம் நூலகத்துக்குள் வரும் வழியைப் பார்ப்போம். பேராசிரியர் ஒரு நூலைப் பரிந்துரைக்கிறார். அது ஏற்கெனவே இருக்கிறதா என்று பட்டியலில் சரிபார்க்கிறார்கள். பிறகு நூலகக் குழுவின் ஒப்புதல், விற்பனையாளர்களிடம் கொட்டேஷன், ஆர்டர். புத்தகமும் பில்லும் வந்து சேர்ந்ததும் கிழிசல் உண்டா, பக்கம் விட்டுப்போயிருக்கிறதா என்று புரட்டிப் பார்த்து, அக்சஷன் ரெஜிஸ்டர் எனும் வரவுப் பதிவேட்டில் ஏற்றுவார்கள். அங்கே அதற்கென்று ஓர் எண் விழும். தலைப்புப் பக்கத்தில் நூலக முத்திரை குத்துவார்கள். உள்ளே இன்னொரு பக்கத்திலும் முத்திரை விழும். அதற்கு ரகசியப் பக்கம் என்று பெயர். முன்பக்கத்தை யாராவது கிழித்துவிட்டாலும், இது யாருடைய புத்தகம் என்று அந்தப் பக்கம் காட்டிக்கொடுத்துவிடும். அக்சஷன் எண்ணைப் பில்லிலும் குறித்த பிறகே பணம் பட்டுவாடா ஆகும். அன்றிலிருந்து அந்தப் புத்தகம் நூலகத்தின் சொத்து. அடுத்த ஆண்டு நிதி வராமல் போனாலும் அது அலமாரியில் இருக்கும்.

இப்படிச் சொந்தமாக இருப்பதன் அருமையை யானைக்கவுனிக்குப் பக்கத்திலேயே பார்க்கலாம். தமிழறிஞர் மறைமலையடிகள் 1950-இல் காலமானார். அவர் வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்த நூல்களைக் கொண்டு 1958-இல் ஜார்ஜ் டவுன் லிங்கிச் செட்டித் தெருவில் மறைமலையடிகள் நூலகம் தொடங்கப்பட்டது. பிற்பாடு அது கன்னிமாரா நூலக வளாகத்துக்கு இடம் பெயர்ந்தது. தெருவும் கட்டடமும் மாறினாலும் அந்த நூல்கள் ஆய்வாளர்களுக்குக் கிடைத்துக்கொண்டே இருந்தன.

வாங்கிய நூலைப் பூட்டி வைத்தால் என்ன பயன்? இந்தக் கேள்வியை இந்த ஊரில் உரக்கக் கேட்டவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த அவர், 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றார். நூலகம் அப்போது எழும்பூரில் கன்னிமாரா கட்டடத்தில் இருந்தது. 1936-இல்தான் சேப்பாக்கத்திலுள்ள இன்றைய கட்டடத்துக்கு வந்தது. அலமாரிகளை வாசகருக்குத் திறந்துவிட வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளை இன்றும் உலகமெங்கும் நூலக மாணவர்கள் படிக்கிறார்கள். நூல் பயன்பட வேண்டும், வேண்டியவருக்கு அது போய்ச் சேர வேண்டும் என்பதே அவற்றின் அடிப்படை.

அந்த அடிப்படையை இன்றைய நிலவரத்தோடு வைத்துப் பார்ப்போம். ஆய்விதழ்களில் பெரும்பகுதி கணினித் திரைக்கு வந்துவிட்டது. நூலகம் பதிப்பகத்தோடு உரிம ஒப்பந்தம் போட்டு, வளாகத்தின் ஐபி முகவரிகளைக் கொடுத்துவிடும். அந்த இணைப்பிலிருந்து வருபவருக்கு இதழ் திறக்கும். வீட்டிலிருந்து படிக்கத் தனி லாகின் உண்டு. இதனால் விளைந்த நன்மை பெரிது. ஒரே கட்டுரையை ஐம்பது பேர் ஒரே நேரத்தில் படிக்கலாம். திருவொற்றியூரில் இருக்கும் மாணவி பஸ் ஏறாமல், வேலையெல்லாம் முடித்த பிறகு இரவில் கைபேசியிலேயே படிக்கலாம்.

ஆனால் இந்த இதழுக்கு அக்சஷன் எண் இல்லை, ரகசியப் பக்கமும் இல்லை. வாடகை வீடு மாதிரிதான்: பணம் கட்டும்வரை குடியிருக்கலாம். ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்டாக வேண்டும்.

முதல் கேள்வி: சந்தாவை நிறுத்திவிட்டால், ஏற்கெனவே பணம் கட்டிய ஆண்டுகளின் இதழ்களாவது தொடர்ந்து கிடைக்குமா? இதை நிரந்தர அணுகல் உரிமை என்பார்கள். எழுத்தில் இருந்தால்தான் அது செல்லும். பதிப்பகமே மூடப்பட்டால் என்ன செய்வது என்பதற்கும் வழி இருக்கிறது. போர்ட்டிகோ போன்ற அமைப்புகள் மின்னிதழ்களின் பிரதிகளைப் பாதுகாத்து வைக்கின்றன. அவற்றில் ஒன்றில் நம் இதழ் சேர்ந்திருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

இரண்டாம் கேள்வி: எவ்வளவு படிக்கப்படுகிறது? கவுண்டர் என்ற பொது அளவுகோலின்படி பதிப்பகங்கள் பயன்பாட்டுக் கணக்கு தருகின்றன. கட்டிய தொகையைப் பதிவிறக்க எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு கட்டுரைக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பது தெரிந்துவிடும். வேண்டாத இதழ்களையும் சேர்த்துக் கட்டாக விற்கும்போது இந்தக் கணக்குதான் நூலகர் கையில் இருக்கும் பலம். அதற்காக எண்ணிக்கையை மட்டுமே பார்த்து வெட்டிவிடவும் கூடாது. சின்னத் துறையில் நாலு பேர் படிக்கும் இதழை நிறுத்தினால் அந்தத் துறையே தவித்துப்போகும்.

மூன்றாம் கேள்வி: யார் படிக்கலாம்? இதுதான் என் மனத்தை அதிகம் உறுத்துவது. எண்ணூரை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 ஜனவரியில் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்துக்குள் புகுந்து, மீனவர்களின் படகும் வலையும் கருத்துப்போயின. அங்கே ஓடும் கொசஸ்தலையாற்றின் நீர், மண், மீன் ஆகியவற்றைப் பற்றி ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். அக்கட்டுரைகளில் பல, காசு கட்டினால்தான் திறக்கும் இதழ்களில் இருக்கின்றன. யாருடைய ஆற்றைப் பற்றி எழுதப்பட்டதோ, அவர்களால் அதைப் படிக்க முடியவில்லை. இது அநியாயம்.

இதற்கு ஒப்பந்தத்திலேயே மருந்து இருக்கிறது. நூலகத்துக்கு நேரில் வரும் வெளியாரும் அங்குள்ள கணினியில் படிக்கலாம் என்ற பிரிவைப் பல பதிப்பகங்கள் ஏற்றுக்கொள்கின்றன. நூலகர் கேட்டு வாங்க வேண்டும். வாங்கிய பிறகு அதை வாசலில் எழுதியும் வைக்க வேண்டும்.

ஒவ்வொரு நூலகமும் தனியே போடும் ஒப்பந்தத்துக்கு அப்பால், ஒன்றிய அரசு 2025 ஜனவரி 1 முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தைத் தொடங்கியிருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள், ஒன்றிய, மாநில அரசுகளின் கல்வி நிறுவனங்களுக்கும் ஒன்றிய அரசின் ஆய்வு நிறுவனங்களுக்கும் திறக்கப்படுகின்றன. காந்திநகரிலுள்ள இன்ஃப்ளிப்நெட் இதை நடத்துகிறது. பெரிய பல்கலைக்கழகத்துக்குக் கிடைப்பது சிறிய அரசுக் கல்லூரிக்கும் கிடைக்கும் என்பதால் இதை நான் மனமார வரவேற்கிறேன். அதோடு இரண்டு கோரிக்கைகளையும் வைக்கிறேன். இவ்வளவு பணம் கொடுத்த ஆண்டுகளின் இதழ்கள், திட்டம் முடிந்த பிறகும் நமக்குத் திறந்திருக்க வேண்டும். கன்னிமாரா போன்ற பொது நூலகங்களிலும் இவற்றைப் படிக்க வழி செய்ய வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. மென்பொருள் போட்டு நூற்றுக்கணக்கான கட்டுரைகளை ஒரே மூச்சில் இறக்காதீர்கள். பதிப்பகம் அதைக் கண்டுபிடித்து வளாகம் முழுவதற்கும் இணைப்பைத் துண்டித்துவிடும். ஒருவர் செய்ததற்கு எல்லோரும் தவிக்க நேரும்.

மற்ற நேயர்களுக்கு: காசில்லாமல் படிக்க இன்றைக்கே நிறைய இருக்கிறது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் சோத்கங்கா தளத்தில் லட்சக்கணக்கில் கிடைக்கின்றன. பழைய தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. அங்கே கிடைக்காத கட்டுரை வேண்டுமானால் அருகிலுள்ள அரசுக் கல்லூரிக்கோ பல்கலைக்கழகத்துக்கோ போய், "நான் இங்கே உட்கார்ந்து படிக்கலாமா?" என்று நூலகரைக் கேளுங்கள். முடியாது என்றால், ஏன் முடியாது என்றும் கேளுங்கள். அடுத்த ஒப்பந்தம் எழுதப்படும்போது அந்தப் பிரிவைச் சேர்க்கச் சொல்லி வாதாட, உங்கள் கேள்வியே அவருக்கு ஆதாரமாகும்.