பாக்குவெட்டி சேர்த்த கவிஞர்

புனேயில் பாஜிராவ் சாலையை ஒட்டி 'ராஜா தினகர் கேல்கர் அருங்காட்சியகம்' இருக்கிறது. யாரோ மகாராஜா என்று நினைத்துவிடாதீர்கள். 1896-இல் பிறந்த தினகர் கேல்கர் மூக்குக்கண்ணாடி வியாபாரி. 'அஞ்ஞாதவாசி' என்ற பெயரில் மராட்டிக் கவிதையும் எழுதியவர். ராஜா என்பது சிறுவயதிலேயே இறந்துபோன அவருடைய மகனின் பெயர்.

1920 வாக்கில் பழம்பொருள் சேர்க்கத் தொடங்கினார் கேல்கர். மனைவி கமலாபாயும் கூடவே நின்றார். என்னவெல்லாம் சேர்த்தார் தெரியுமா? பாக்குவெட்டி, குத்துவிளக்கு, மைக்கூடு, அடுப்படிப் பாத்திரம், செதுக்கிய கதவு, வீணை! நம் பாட்டிமார் மடியில் கிடந்த பாக்குவெட்டிக்குள் இத்தனை சிற்பவேலையா என்று மலைத்துப்போவீர்கள். சாமானோடு நிற்கவில்லை மனிதர். புனேயின் கோத்ரூடில் இடிந்துகொண்டிருந்த மஸ்தானி மகால் என்ற பழைய மாளிகையின் பகுதிகளையே பெயர்த்துவந்து உள்ளே நிறுத்திவிட்டார். ஆசைக்கு அளவு வேண்டாமா என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது!

சேர்ந்தவை சுமார் 20,000 பொருள்கள். விற்றிருந்தால் பெரும் செல்வந்தர் ஆகியிருப்பார். ஆனால் எல்லாவற்றையும் மகாராஷ்டிர அரசிடமே கொடுத்துவிட்டார். 1990-இல் காலமானபோது அவருக்கு வயது 94. இடப்பற்றாக்குறையால் சேகரிப்பில் ஒரு பகுதியைத்தான் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். அதைப் பார்க்கவே அரைநாள் ஆகும்.